கணையத் திசுவில் ஹார்மோன்களைக் கண்டறியும் எதிர்ப்பொருள் சாயமேற்றுப் பரிசோதனை

கணையத்திலிருந்து அறுவை சிகிச்சையிலோ ஊசி மூலமோ எடுக்கப்படும் திசுவில், எந்தச் செல் எந்த ஹார்மோனைச் சேமித்து வைத்துள்ளது என்பதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் ஆய்வகப் பரிசோதனையே எதிர்ப்பொருள் சாயமேற்றுப் பரிசோதனை ஆகும். மருத்துவ அறிக்கைகளில் இது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்றும், சுருக்கமாக ஐ.எச்.சி. என்றும் குறிக்கப்படுகிறது. இது இரத்தப் பரிசோதனை அன்று. நீரிழிவு நோய் உள்ள அனைவருக்கும் செய்யப்படுவதும் அன்று. கணையக் கல், கணையக் கட்டி ஆகியவற்றுக்காகத் திசு எடுக்கப்படும் சிலருக்கு மட்டுமே தேவைப்படுவது. ஆயினும் அந்தச் சிலருக்கு அடுத்து என்ன சிகிச்சை, எத்தனை காலம் கண்காணிப்பு என்பன பெரும்பாலும் இதன் முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த செண்பகத்தோப்பு, அதனை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய பகுதிகளில் வாழ்வோர் இதனை அறிந்திருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கணைய அறுவை சிகிச்சை பெரிய மருத்துவமனைகளிலேயே நடைபெறும். அப்பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அறுவை நடந்த இடமும் சாயமேற்றும் ஆய்வகமும் வேறுவேறாக இருக்கையில், திசுப் புட்டியையோ மெழுகுக் கட்டியையோ நோயாளியின் குடும்பத்தினரே பேருந்தில் எடுத்துச் செல்ல நேரிடுவதுண்டு. கையில் இருப்பது என்ன, அதனை எப்படிக் காக்க வேண்டும் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டால் பரிசோதனை வீணாகாது.

கணையத்தின் இரு பணிகள்

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் திசுவாகும். அதனூடே தீவுகள் போல் சிதறிக் கிடக்கும் சிறு செல் கூட்டங்களே ஹார்மோன்களைச் சுரப்பவை. 1869-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை முதன்முதலில் விவரித்ததால் இவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படுகின்றன. இவற்றின் பயன் என்ன என்பது அவருக்குத் தெரியாது. மனிதக் கணையத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் திட்டுகள் உள்ளன. எனினும் இவை அனைத்தும் சேர்ந்து கணைய எடையில் 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே.

ஒவ்வொரு திட்டிலும் பல வகைச் செல்கள் உள்ளன. பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கின்றன. ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரந்து அதனை உயர்த்துகின்றன. டெல்டா செல்களின் சொமாட்டோஸ்டாட்டின் இவ்விரண்டையும் மட்டுப்படுத்துகிறது. கணையப் பாலிபெப்டைடு சுரக்கும் பி.பி. செல்கள் கணையத் தலையின் பின்பகுதியில் செறிந்துள்ளன. ஆகவே திசு கணையத்தின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் செல்களின் விகிதத்தைக் கணக்கிட்டால் தவறான முடிவுக்கு வர நேரும். எலியின் திட்டில் பீட்டா செல்கள் நடுவிலும் ஆல்பா செல்கள் சுற்று விளிம்பிலும் ஒழுங்காக அமைந்திருக்கும். மனிதத் திட்டில் இவை கலந்தே கிடக்கும். பாடநூல் படங்கள் பல எலியின் அமைப்பையே காட்டுகின்றன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வழக்கமான ஹெமடாக்ஸிலின்–ஈயோசின் சாயத்தில் திட்டு தெரியும். ஆனால் எது பீட்டா, எது ஆல்பா என்று பிரித்தறிய இயலாது. 1950-ஆம் ஆண்டு கோமோரி அறிமுகப்படுத்திய ஆல்டிஹைடு ஃபுக்ஸின் சாயம் பீட்டா செல்களின் துகள்களை ஊதா நிறமாக்கியது. அது பல்லாண்டுகள் பயன்பட்டது என்றாலும், அது காட்டியது துகள்களின் வேதித் தன்மையையே. இன்சுலினை நேரடியாக அன்று.

எதிர்ப்பொருள் எவ்வாறு அடையாளம் காட்டுகிறது

உடலுக்கு அயலான ஒரு பொருளை எதிர்கொள்ளும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் அப்பொருளுடன் மட்டும் பொருந்தும் புரதத்தை உருவாக்குகிறது. அதுவே எதிர்ப்பொருள். இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் திசுவின் மீது இட்டால் அது இன்சுலின் உள்ள செல்லில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருளுக்கு நிறம் கிடையாது. எனவே அதனுடன் நிறம் தரும் ஏற்பாடு ஒன்றை இணைக்க வேண்டும். 1941-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார். 1966-இல் நகானே, பியர்ஸ் ஆகியோர் சாயத்திற்குப் பதிலாக நொதியை இணைத்தனர். அந்நொதி நிறமற்ற வேதிப்பொருளை அவ்விடத்திலேயே பழுப்பு நிறப் படிவாக மாற்றும். இதனால் சாதாரண நுண்ணோக்கியே போதுமானதாயிற்று. ஆய்வறையில் இருந்த முறை மருத்துவமனைக்கு வந்தது.

இன்சுலினுக்கான எதிர்ப்பொருளைப் பெறக் கினிப்பன்றியை நாடுவது நெடுங்கால வழக்கம். பன்றி, மாடு ஆகியவற்றின் இன்சுலின் மனித இன்சுலினை மிகவும் ஒத்தது. கினிப்பன்றியின் இன்சுலினோ அவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆதலால் மற்ற விலங்குகளின் இன்சுலினைக் கினிப்பன்றியின் உடல் முற்றிலும் அயலானதாகக் கருதி, வலுவான எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஓர் உயிரினத்தின் பரிணாம விந்தை இன்றும் நோய்க்குறியியல் ஆய்வகங்களுக்குப் பயன்பட்டு வருகிறது.

ஆய்வகத்தில் நடைபெறுவது

திசு முதலில் 10 விழுக்காடு நடுநிலைப்படுத்தப்பட்ட ஃபார்மலினில் நிலைப்படுத்தப்படுகிறது. பின்னர் நீர் நீக்கப்பட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டுக் கட்டியாகிறது. அக்கட்டியை மைக்ரோடோம் கருவி 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுகிறது. சீவல் கண்ணாடி வில்லையில் ஒட்டப்பட்டு, மெழுகு கரைக்கப்படுகிறது. திசுவில் இயல்பாகவே உள்ள பெராக்ஸிடேஸ் நொதி பொய்யான நிறம் தராதிருக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டு அது செயலிழக்கச் செய்யப்படுகிறது.

ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இடம் மறைந்துபோவதுண்டு. வில்லையைச் சிட்ரேட் கரைசலில் இட்டு உயர் வெப்பத்தில் சூடாக்கினால் அம்மறைப்பு நீங்குகிறது. 1991-இல் வெளியான இம்முறை பல எதிர்ப்பொருள்களுக்கு இன்றியமையாதது. இன்சுலின் இதில் ஒரு விலக்கு. பெரும்பாலும் சூடாக்காமலே நன்கு சாயமேறும். அதன் பின் முதல்நிலை எதிர்ப்பொருள், அதனைப் பற்றும் நொதி இணைந்த இரண்டாம்நிலை எதிர்ப்பொருள், இறுதியாக நிறம் தரும் பொருள் என்ற வரிசையில் பணி முடிகிறது. ஹார்மோன் உள்ள செல் பழுப்பாகவும், உட்கருக்கள் நீலமாகவும் தோன்றும். ஒரே வில்லையில் இன்சுலினைப் பழுப்பிலும் குளுக்ககானைச் சிவப்பிலும் காட்டும் இரட்டைச் சாய முறையும் உண்டு.

ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டு வில்லைகள் வைக்கப்பட வேண்டும். இயல்பான கணையத் திசுவில் சாயம் ஏறியிருக்க வேண்டும். முதல்நிலை எதிர்ப்பொருள் இடப்படாத வில்லையில் ஏறியிருக்கக் கூடாது. நோயாளியின் திசுவிலேயே கட்டிக்கு வெளியே இயல்பான திட்டு ஒன்று இருந்தால் அதுவே மிகச் சிறந்த ஒப்பீடு. ஏனெனில் அதுவும் அதே புட்டியில், அதே பயணத்தைக் கடந்து வந்தது.

திசு கெடுவது எப்போது

கணையம் தன்னைத் தானே செரிக்கும் உறுப்பு. உடலிலிருந்து நீக்கப்பட்டதும் அதன் நொதிகள் அதன் செல்களையே சிதைக்கத் தொடங்குகின்றன. கல்லீரலோ தசையோ சற்றுப் பொறுக்கும், கணையம் பொறுக்காது. கோடைக்கால நண்பகலில் ஃபார்மலின் இன்றி, உப்பு நீரிலோ ஈரத் துணியிலோ வைக்கப்பட்ட கணையத் திசு சில மணி நேரத்தில் பயனற்றுப்போகக் கூடும். அத்தகைய வில்லையில் இன்சுலின் காணப்படாவிட்டால், நோயாளியின் கணையத்தில் இன்சுலின் இல்லையா அல்லது வழியில் அழிந்ததா என்று எவராலும் கூற இயலாது. அதே திசுவை மீண்டும் எடுக்கவும் முடியாது.

ஆகவே திசு எடுக்கப்பட்டவுடன், இயன்ற அளவு விரைவாக, அதன் கன அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலினில் இடப்பட வேண்டும். பெரிய துண்டாயின் ஃபார்மலின் உள்ளே ஊடுருவும்படி ஆய்வகத்தினர் அதனைச் சீவித் திறப்பர். ஃபார்மலினில் உள்ள திசுவுக்குப் பனிக்கட்டி தேவையில்லை. உறைய வைப்பது தீங்கானது. வாரக்கணக்கில் ஃபார்மலினிலேயே விட்டுவைப்பதும் சரியன்று. நாள் கூடக்கூடச் சில புரதங்கள் எதிர்ப்பொருளுக்கு எட்டாமல் மறைந்துவிடும்.

புட்டியை எடுத்துச் செல்லும் குடும்பத்தினர் மூடியைத் திறக்க வேண்டா. ஃபார்மலின் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் நச்சுப்பொருள். கசிந்தால் தோலை நிறைய நீரால் கழுவ வேண்டும். நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், எடுக்கப்பட்ட நாளும் நேரமும், கணையத்தின் எப்பகுதி என்பன புட்டியின் மீது எழுதப்பட்டுள்ளனவா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. மூடியில் மட்டும் எழுதப்பட்ட பெயர் மூடி மாறினால் மாறிவிடும். இதற்கு மாறாக, மெழுகுக் கட்டியாக மாற்றப்பட்ட திசு உறுதியானது. அதனை வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டு உருகச் செய்யாதிருத்தல் போதும்.

கணையக் கல் நீரிழிவு: தமிழகம் சார்ந்த ஓர் ஆய்வு

மது அருந்தாத இளம் வயதினருக்கும் கணையம் இறுகி, அதன் நாளங்களில் சுண்ணாம்புக் கற்கள் உருவாகி, பின்னர் நீரிழிவு தோன்றும் நோய் வெப்பமண்டல நாடுகளில் காணப்படுகிறது. 1959-இல் சுய்டமா இதனை இந்தோனேசியாவிலிருந்து விவரித்தார். அதன் பின் கேரளத்தில் கீவர்கீஸ் மிகப் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளை ஆராய்ந்து பதிவு செய்தார். செண்பகத்தோப்பு மலைக்கு மேற்கே உள்ளது கேரளம். நோய் மலைக்கு இப்புறமும் உண்டு. சென்னை, வேலூர் மருத்துவ ஆய்வாளர்கள் தமிழக நோயாளிகளை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இதனை ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவின் ஒரு வகையாக வைத்தது. 1999-இல் அவ்வகையிலிருந்து நீக்கிக் கணைய நோய்களால் விளையும் நீரிழிவு என்ற பிரிவில் சேர்த்தது. மரவள்ளிக் கிழங்கில் உள்ள சயனைடு சார்ந்த பொருளே காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மரவள்ளியை உண்ணாதவர்களிடமும் நோய் காணப்பட்டதால் அக்கருத்து வலுவிழந்தது. 2002-இல் வெளியான ஆய்வுகள், கணைய நொதியைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் காட்டின. மரவள்ளி உண்பதை அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. தோலுரித்து, நன்கு வேகவைத்து, நீரை வடித்து உண்பதே முறை.

இந்நோயில் நெடுநாள் தீராதிருந்த கேள்வி ஒன்று உண்டு. இவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்தாலும், முதல் வகை நீரிழிவில் நேர்வது போன்ற கீட்டோன் மிகுதி எளிதில் ஏற்படுவதில்லை. அப்படியானால் பீட்டா செல்கள் ஓரளவு எஞ்சியுள்ளனவா? இறுகிய நார்த்திசு திட்டுகளை நெரித்துவிட்டதா? உயிருடன் உள்ளவரின் கணையத்தை ஆய்வுக்காக மட்டும் வெட்டி எடுப்பது முறையன்று. ஆனால் தாங்க முடியாத வயிற்று வலிக்காகக் கல் அகற்றும் அறுவை சிகிச்சை செய்யப்படுவோரிடம் திசு கிடைக்கிறது. வி. மோகன் உள்ளிட்ட சென்னை ஆய்வாளர்கள் அத்தகைய திசுக்களில் எதிர்ப்பொருள் சாயமேற்றி, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். நார்த்திசுவின் நடுவே திட்டுகள் குறைந்திருந்தன. அதே நேரத்தில் சிலரிடம், புதிய திட்டுச் செல்கள் நாளச் சுவரிலிருந்து அரும்புவது போன்ற தோற்றமும் இருந்தது. இன்சுலின் சாயமேறிய அளவு குறைந்திருந்தது. இரத்தத்தில் சி-பெப்டைடு குறைந்தவர்களிடம் அது மேலும் குறைவாக இருந்தது. சி-பெப்டைடு என்பது இன்சுலினுடன் சமஅளவில் வெளியாகும் துணைப் பொருள். இரத்தத்தில் அளந்ததும் திசுவில் கண்டதும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின என்பதே இவ்வாய்வின் சிறப்பு. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. எனினும் இத்தகைய திசு எளிதில் கிடைப்பதன்று.

கல் உள்ள கணையத்திற்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்குக் கூற வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு மைக்ரோடோமின் அலகை மழுங்கச் செய்து சீவலைக் கிழிக்கும். அதனைக் கரைக்க வலுவான அமிலத்தில் ஊற வைத்தால் கல்லுடன் ஹார்மோனின் அடையாளமும் சிதையக் கூடும். கற்களைக் கையால் நீக்கிவிட்டு, தேவையெனில் ஈ.டி.டி.ஏ. போன்ற மென்மையான கரைப்பானை நாள் எடுத்துப் பயன்படுத்துவதே தக்கது. அறிக்கை சில நாள் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கணையக் கல் நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு மிகுதி என்பதால், அத்திசுவில் புற்றுநோய் உள்ளதா என்பதும் உடன் பார்க்கப்பட வேண்டும்.

கட்டிகளில் இதன் பயன்

இன்சுலினோமா என்பது இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கணையக் கட்டி. அரிது, பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறியது, பத்தில் ஒன்பது புற்றுத்தன்மை அற்றது. விடியற்காலையிலும் உணவு தாமதமாகும் வேளையிலும் வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, மயக்கம் ஆகியவை தோன்றி, இனிப்பு உண்டதும் நீங்கும். வலிப்பு நோய் என்றும், மனநோய் என்றும், சில இடங்களில் பேய் பிடித்தது என்றும் கருதப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தவர்கள் உண்டு. மயக்க வேளையில் ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையை அளந்திருந்தால் ஐயம் அன்றே எழுந்திருக்கும். முறையாகக் கண்டறிந்து கட்டியை அகற்றினால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர்.

அகற்றிய கட்டியின் அறிக்கையில் இவ்வாறு காணப்படலாம்: சினாப்டோபைசின் நேர்மறை, குரோமோகிரானின் ஏ நேர்மறை, இன்சுலின் திட்டுத்திட்டாக நேர்மறை, கேஐ-67 இரண்டு விழுக்காடு. முதல் இரண்டும் இது ஹார்மோன் சுரக்கும் செல் வகையைச் சார்ந்த நரம்புநாளமில்லாக் கட்டி என்பதை உறுதி செய்கின்றன. கேஐ-67 எத்தனை செல்கள் பெருகும் நிலையில் உள்ளன என்பதைக் காட்டும். முதிர்ந்த தோற்றமுடைய கட்டிகளில் 3 விழுக்காட்டிற்குக் குறைவு முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20-க்கு மேல் மூன்றாம் தரம். நோயாளியின் எதிர்காலத்தைக் கணிப்பதில் ஹார்மோன் சாயத்தைவிட இத்தரமே முதன்மையானது. செல் பிரிதலின் எண்ணிக்கையும் இதனுடன் சேர்த்துக் கொள்ளப்படும்.

இன்சுலின் சாயம் ஏறினாலே இன்சுலினோமா என்று பொருளன்று. உடலில் எந்த அறிகுறியும் தராத கட்டியிலும் இன்சுலினோ குளுக்ககானோ சாயமேறலாம். அது செயல்படாக் கட்டி என்றே வகைப்படுத்தப்படும். மறுதலையாக, சுரந்த இன்சுலினைச் சேமிக்காமல் உடனுக்குடன் வெளியேற்றும் கட்டியில் சாயம் மங்கலாக இருக்கும். காரணம் எளியது: இப்பரிசோதனை காட்டுவது செல்லில் இருப்பில் உள்ளதை, இரத்தத்தில் கலந்ததை அன்று. களஞ்சியம் வெறுமையாக இருப்பதைக் கொண்டு விளைச்சலே இல்லை என்று கூற இயலாது. எனவே நோய் அறிகுறி, மயக்க நேரத்து இரத்தச் சர்க்கரை, இன்சுலின், சி-பெப்டைடு அளவுகள் ஆகியவற்றுடன் சேர்த்தே அறிக்கை படிக்கப்பட வேண்டும். கட்டியே இன்றித் திட்டுகள் கணையம் முழுவதும் பெருத்து இன்சுலினை மிகையாகச் சுரக்கும் நிலையும் உண்டு. அதனை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே.

பொய்யான நிறம்

கணையத்தின் நொதி சுரக்கும் செல்களில் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து இயல்பாகவே உள்ளது. அவிடின்–பயோட்டின் முறையில் சாயமேற்றினால் அச்செல்களும் பழுப்பாகித் தவறாக எண்ண வைக்கலாம். இதனால் இன்று பல ஆய்வகங்கள் பயோட்டின் சாராத பாலிமர் முறைக்கு மாறியுள்ளன. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் செல்களிலோ வேறொரு பொறி உள்ளது. குருத்தணுக்களிலிருந்து பீட்டா செல்களை உருவாக்கியதாகக் கருதப்பட்ட சில ஆய்வுகளில், செல்கள் தாமே இன்சுலினைச் செய்யவில்லை, வளர்ப்புக் கரைசலில் இடப்பட்ட இன்சுலினை உறிஞ்சிக்கொண்டன என்பது 2003-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வால் தெரிந்தது. கரைசலில் சி-பெப்டைடு இல்லை. ஆகவே சி-பெப்டைடுக்கும் சாயமேற்றிப் பார்ப்பது அன்று முதல் கட்டாயம் போலாயிற்று. குருத்தணு ஊசியால் நீரிழிவு உறுதியாகக் குணமாகும் என்னும் விளம்பரங்களைக் காண்போர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

அறிக்கை பெற்ற பின்

அறிக்கையுடன் வில்லைகளும் மெழுகுக் கட்டியும் எங்கு வைக்கப்பட்டுள்ளன, கட்டியின் எண் என்ன என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு மருத்துவமனையில் மறு கருத்துப் பெற விரும்பினால் எழுத்து மூலம் கோரிக் கட்டியைப் பெறலாம். பயன்படுத்திய பின் திருப்பி அளித்துவிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் புதிய கட்டி தோன்றினால், பழைய கட்டியிலிருந்து புதிய சீவல் எடுத்து இரண்டையும் ஒப்பிட முடியும். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் கணையக் கட்டி, பாராதைராய்டு நோய், பிட்யூட்டரிக் கட்டி இருந்திருப்பின் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மென்1 என்னும் மரபுவழி நோயில் இவை சேர்ந்து வரும்.

இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ உட்கொள்பவர் அந்த விவரத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை, தவறுதலாக உட்கொள்ளப்பட்டாலும், இன்சுலினோமாவைப் போன்றே இரத்தப் பரிசோதனையில் தோன்றும்; வீட்டில் முதியவரின் நீரிழிவு மாத்திரை வேறு மாத்திரையுடன் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கும் முன்னரே இவ்வாய்ப்பு விலக்கப்பட வேண்டும். மயக்கமடைந்தவர் விழுங்க இயலாத நிலையில் இருந்தால் வாயில் எதனையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.